தீபாவளி வெடிக்குப் பயந்து ஓடிய பூனை: இனியும் தேடலாமா?

கேள்வி: நவம்பர் 15, 2023, மாலை 6.10

கோத்தகிரியில் டானிங்டன் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறோம். தீபாவளி அன்று இரவு எட்டரை மணிக்கு வாசலுக்கு நேரே யாரோ பத்தாயிரம் வாலா கொளுத்தினார்கள். கதவு திறந்திருந்தது. எங்கள் பூனை சாமை ஓடியதுதான், மூன்று நாட்களாகத் திரும்பவில்லை. மூன்று நிறப் பெட்டை, இரண்டு வயது, வெளியே போய்ப் பழக்கமே இல்லை. காலையும் மாலையும் பெயர் சொல்லிக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. குன்னூரில் சிறுத்தை வீட்டுக்குள் புகுந்த செய்தி வந்ததிலிருந்து, “சிறுத்தை கொண்டுபோயிருக்கும், விட்டுவிடு” என்றே எல்லோரும் சொல்கிறார்கள். என் மகன் சரியாகச் சாப்பிடுவதில்லை. இனித் தேடிப் பயன் உண்டா?

பதில்: நவம்பர் 15, இரவு 8.45

உண்டு. இன்று இரவே தொடங்குங்கள்.

சிறுத்தைப் பேச்சை ஒதுக்கி வையுங்கள். குன்னூர் புரூக்லேண்ட்ஸில் நடந்தது உண்மைதான். நான் இருக்கும் பெட்போர்டிலிருந்து அது அதிக தூரம் இல்லை. நாயைத் துரத்தி வந்த சிறுத்தை வீட்டுக்குள் புகுந்தது, ஆறு பேர் காயம்பட்டார்கள், ஒரு நாளுக்கு மேல் உள்ளே கிடந்துவிட்டுத் தானாகவே வெளியேறிப் போனது. அதற்காக மலையில் காணாமல் போகும் ஒவ்வொரு பூனையையும் சிறுத்தையின் கணக்கில் எழுதிவிட்டுப் படுக்கப் போய்விடுவதா? எனக்கு இதைக் கேட்டாலே கோபம் வருகிறது.

வெடிக்குப் பயந்த வீட்டுப் பூனை நெடுந்தூரம் ஓடாது. கண்ணில் பட்ட முதல் பொந்தில் நுழைந்து மூச்சுக் காட்டாமல் கிடக்கும். 2018இல் வெளியான ஓர் ஆய்வில், காணாமல் போன 1,210 பூனைகளைப் பற்றி அவற்றை வளர்த்தவர்களிடம் விசாரித்திருந்தார்கள். கிடைத்த பூனைகளில் முக்கால் பங்கு, தொலைந்த இடத்திலிருந்து 500 மீட்டருக்குள் கிடைத்தவை. மூன்றில் ஒரு பங்கு பூனைகள் ஏழு நாட்களுக்குள் கிடைத்துவிட்டன. நேரில் இறங்கித் தேடியவர்களுக்குத்தான் அதிகம் கிடைத்தது என்பதையும் அதில் படித்தேன். உங்களுக்கு இன்று மூன்றாம் நாள்தான்.

கத்துவதை நிறுத்துங்கள். பயந்த பூனைக்கு உங்கள் குரலும் ஒரு சத்தம்தான். பதில் சொன்னால் தன் இடம் தெரிந்துவிடும் என்று அது வாயை மூடிக்கொள்ளும். ஊர் அடங்கிய பிறகு டார்ச்சை உங்கள் கண் மட்டத்துக்கு, கன்னத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, தரையை ஒட்டி மெதுவாக அடியுங்கள். பூனையின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போல ஒரு படலம் உண்டு. வெளிச்சம் வந்த வழியே திரும்பும் என்பதால் டார்ச் கண்ணருகில் இருந்தால்தான் அந்தப் பச்சை மினுக்கம் உங்களுக்குத் தெரியும். இடுப்பளவில் பிடித்துக்கொண்டு தேடினால் பக்கத்திலேயே இருந்தாலும் தவறவிடுவீர்கள்.

வாசலில் கொஞ்சம் கருவாடு வையுங்கள். வாசனைக்கு வரும்.

எனக்கும் ஒரு பூனை தொலைந்திருக்கிறது. 2016இல். பதினோராம் நாள் கிடைத்தது. அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

நவம்பர் 15, இரவு 9.05

விட்டுவிட்டேன்: தனியாகப் போகாதீர்கள். கோத்தகிரியில் இரவு கரடியினுடையது என்பது உங்களுக்கே தெரியும். இரண்டு பேராக, சுவரை ஒட்டி, வீட்டைச் சுற்றி மட்டும் பாருங்கள். தேயிலைக்குள் இறங்கவே வேண்டாம்.

நவம்பர் 16, காலை 7.30

விடியற்காலை நான்கு மணிக்குக் கரடி வந்து கருவாட்டைத் தின்றுவிட்டு, தட்டையும் உருட்டிவிட்டுப் போனது என்று எழுதியிருக்கிறீர்கள். தவறு என்னுடையது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

வேறு ஊர்க்காரர்கள் சொல்லும் யோசனையை யோசிக்காமல் உங்களிடம் சொல்லிவிட்டேன். விளக்கு எண்ணெய்க்காகக் கோயில் கதவையே உடைக்கிற விலங்கு அது. அதன் பாதையில் கருவாடு வைக்கச் சொன்னேனே! உங்கள் மகன் அந்த நேரத்தில் கதவைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே காலைக் காபியைக் குடிக்காமல் வைத்துவிட்டேன். இரவில் உணவு எதையும் வெளியே வைக்காதீர்கள். தெருவில் இருக்கும் கடுவன்களும் அதற்கு வந்து சேரும். அவை சுற்றுகிற இடத்துக்கு உங்கள் பெட்டை வராது.

உணவுக்குப் பதில், நீங்கள் துவைக்காமல் போட்டிருக்கும் ஸ்வெட்டர் ஒன்றைத் திண்ணையின் ஓரத்தில், மழை படாத இடத்தில் போடுங்கள். கரடிக்கு ஸ்வெட்டர் தேவையில்லை.

நவம்பர் 16, மதியம் 1.15

எங்கெல்லாம் பார்ப்பது என்று கேட்டீர்கள். மலை வீடுகளுக்கென்று சில இடங்கள் உண்டு. விறகு அடுக்கின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், சாலைக்கு அடியில் ஓடும் சிறு பாலத்தின் குழாய், தகரக் கூரைக்கும் பலகை சீலிங்குக்கும் நடுவில். நிறுத்திய ஜீப்பின் பானெட்டையும் தட்டிப் பாருங்கள், இந்தக் குளிருக்குச் சூடான என்ஜின் மேல் ஏறிப் படுத்துக்கொள்ளும். பழைய வெள்ளைக்காரர் காலத்து வீடு பக்கத்தில் இருந்தால் அதன் மரத் தரைக்கு அடியைக் கட்டாயம் பாருங்கள். அந்த வீடுகளில் பலகை மக்காமல் இருக்க அடியில் காற்றுப் போகும் வெற்றிடம் விட்டிருப்பார்கள். சுவரின் அடிப்பக்கத்தில் சின்னச் சின்னக் கம்பி ஜன்னல்கள் தெரியும். ஒரு கம்பி உடைந்திருந்தால் போதும்.

அடுத்தது மனிதர்கள். காலை எட்டு மணிக்குக் கொழுந்து பறிக்கப் போகும் பெண்களிடம் சொல்லுங்கள். செடிக்குள் என்ன அசைந்தாலும் அவர்கள் கண்ணுக்குத் தப்பாது, தப்பினால் அவர்களுக்குத்தான் ஆபத்து. மாலையில் இலை எடை போடும் இடத்தில் நின்றால் ஒரே நேரத்தில் முப்பது பேரிடம் சொல்லிவிடலாம். பால்காரர், பேப்பர் போடும் பையன், ரேஷன் கடை வரிசை. நான் முப்பது வருடம் தபால் கொடுத்தவன். ஒரு தெருவில் எந்த வீட்டில் என்ன புதிதாக வந்தது என்பது வீட்டுக்காரருக்குத் தெரிவதற்கு முன்னால் தெருவில் நடப்பவர்களுக்குத் தெரியும்.

நோட்டீஸ் அடித்தால் படம் போடுங்கள், ஆனால் ஓர் அடையாளத்தை எழுதாமல் வையுங்கள். பின்னங்கால் விரல் ஒன்று மட்டும் வெள்ளை என்றீர்களே, அதைச் சொல்ல வேண்டாம். “உங்கள் பூனை என்னிடம் இருக்கிறது, பணம் அனுப்புங்கள்” என்று கூப்பிடுபவரிடம் அந்த விரலைப் பற்றிக் கேளுங்கள்.

நவம்பர் 17, காலை 10.00

அரவேனுவிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, மூன்று நிறப் பூனை தன் மாட்டுக் கொட்டகையில் இருக்கிறது, கடுவன், கொழுகொழுவென்று இருக்கிறது என்று சொன்னாராம். ஆட்டோ பிடித்துப் போகலாமா என்று கேட்கிறீர்கள்.

முதலில் படம் அனுப்பச் சொல்லுங்கள். கறுப்பும் செம்பழுப்பும் ஒரே உடம்பில் வர வேண்டுமானால் அந்தச் செம்பழுப்பு நிறத்தைத் தீர்மானிக்கும் மரபணு இருக்கும் எக்ஸ் குரோமோசோம் இரண்டு வேண்டும். அதனால் மூன்று நிறப் பூனைகள் ஏறக்குறைய எல்லாமே பெட்டைதான், கடுவன் பிறப்பது மிக மிக அபூர்வம். அவர் பார்த்தது நிஜமாகவே கடுவன் என்றால் அது அநேகமாக செவலையும் வெள்ளையும் கலந்த பூனையாக இருக்கும். சரியாகப் பார்க்காமல் கடுவன் என்று சொல்லியிருந்தால் நம்பிக்கைக்கு இடம் உண்டு. ஆனால் ஐந்து நாள் பட்டினி கிடந்த பூனை கொழுகொழுவென்று இருக்காது.

நவம்பர் 17, காலை 11.40

படம் பார்த்தேன். செவலைதான். உங்கள் மகனிடம் எப்படிச் சொன்னீர்கள் என்று தெரியவில்லை. அந்த மாட்டுக்காரர் நல்ல மனிதர். வேலை மெனக்கெட்டுக் கூப்பிட்டார் அல்லவா, அவருக்கு நன்றி சொல்லி ஒரு வார்த்தை எழுதிவிடுங்கள்.

நவம்பர் 17, இரவு 11.50

தூக்கம் வரவில்லை. முதல் நாள் எழுதியதைத் திருத்த வேண்டும்.

“பதினோராம் நாள் கிடைத்தது” என்று எழுதினேன். உயிரோடு கிடைக்கவில்லை.

கரியன் என்று பெயர். 2016 ஜூன், மழைக்காலம். நான் என்ன செய்தேன் தெரியுமா? நடந்தேன். நடப்பதுதான் எனக்குத் தெரிந்த வேலை. பெட்போர்டிலிருந்து சிம்ஸ் பூங்கா வரைக்கும், அங்கிருந்து வெலிங்டன் வரைக்கும், குடையைப் பிடித்துக்கொண்டு “கரியா, கரியா” என்று கத்திக்கொண்டே நடந்தேன். பூங்கா வாசலில் நிற்கும் சுண்டல்காரர்கூடச் சேர்ந்து கத்தினார். ஒரு நாளைக்குப் பத்து கிலோமீட்டர் இருக்கும். தேடுகிறேன் என்ற திருப்தி எனக்கு இருந்தது.

அடுத்த வீடு மரத் தரை வீடு. அடியில் இருந்த கம்பி ஜன்னல் உடைந்திருந்தது. பெருச்சாளி வருகிறதென்று அந்த வாரம் அதில் வலை அடித்திருந்தார்கள். கரியன் உள்ளே இருந்தது யாருக்கும் தெரியாது, அவர்கள் மேல் குற்றம் இல்லை. பதினோராம் நாள் வாடை வந்து திறந்தார்கள். என் வீட்டு வாசல்படியிலிருந்து இருபத்திரண்டு எட்டு. பிறகு எண்ணிப் பார்த்தேன்.

முதல் நாளே இதை எழுதினால் நீங்கள் மனம் விட்டுவிடுவீர்கள் என்று நினைத்தேன். இப்போது மறைப்பதுதான் தவறு என்று படுகிறது. நாளை சனிக்கிழமை. கோத்தகிரி பஸ் பிடித்து வருகிறேன். விலாசம் மட்டும் தனியாக அனுப்புங்கள்.

நவம்பர் 19, காலை 6.20

உங்கள் மாமியார் கொடுத்த கம்பளிக்குள் இருந்து எழுதுகிறேன். வீட்டுக்குள் சத்தமே இல்லை. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக இரவு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பதினோரு மணிக்கு நான், கேள்வி கேட்ட இவருடைய கணவர், இரண்டு டார்ச். மூடுபனி இறங்கிவிட்டதால் வெளிச்சம் நான்கு எட்டுக்கு மேல் போகவில்லை. சாக்கடைக் குழாய்க்குள் இரண்டு பச்சைப் புள்ளிகள். இதயம் வாய்க்கு வந்துவிட்டது. படுத்துக்கொண்டு கையை நீட்டினேன். புறங்கையில் சுரீர் என்று ஒரு கீறல். சாம்பல் நிறக் கடுவன் ஒன்று என் தோளைத் தாண்டிக் குதித்து ஓடியது. அவசரப்பட்டுவிட்டேன். கண் தெரிந்தால் கை நீட்டக் கூடாது, தள்ளி உட்கார்ந்து காத்திருக்க வேண்டும் என்று நானே மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

இதற்கு மேல் தேட வேண்டாம், சும்மா உட்காருவோம் என்று சொன்னேன். பக்கத்து வீடு கோயம்புத்தூர்க்காரர்களின் விடுமுறை வீடு. தீபாவளிக்கு வந்துவிட்டுத் திங்கட்கிழமை மதியம் பூட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். அதன் மதில் ஓரத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்தோம். பேசவில்லை. செல்போனை அணைத்துவிட்டோம். தகரத்திலிருந்து பனி சொட்டும் சத்தமும், எங்கோ கீழே நாய் குரைப்பதும் மட்டும்.

இரண்டரை இருக்கும். பலகையை நகத்தால் பிறாண்டுகிற சத்தம். நான்கைந்து தடவை. நிற்கும். மறுபடியும். எலி என்று நினைத்தேன். எலி கடித்தால் சத்தம் தொடர்ந்து, சின்னதாகக் கேட்கும். இது நீட்டி, இடைவெளி விட்டுக் கேட்டது. இவர் கணவர் என் முழங்கையைப் பிடித்தார். அந்த வீட்டின் பின்பக்கத்தில் விறகு அறை, வெளியே பூட்டு.

கதவுக்கும் தரைக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி. டார்ச்சைத் தரையில் வைத்து அடித்தேன். உள்ளே இருந்து ஒரு பாதம் இடைவெளிக்குள் வந்தது. நான்கு விரல்கள், மூன்று செம்பழுப்பு, ஒன்று வெள்ளை. பின்னங்காலில் வெள்ளை விரல் என்று சொன்னீர்களே என்று குழம்பிவிட்டேன். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, “முன்னங்காலிலும் ஒன்று வெள்ளை ஐயா, அதைச் சொல்லவில்லை” என்றார்.

தண்ணீர் கொண்டுவந்து சாசரில் ஊற்றி இடைவெளி வழியே தள்ளினோம். குடிக்கும் சத்தம் நெடுநேரம் கேட்டது.

பூட்டை உடைக்கவில்லை. அடுத்தவர் வீடு. வீட்டைப் பார்த்துக்கொள்பவர் காலையில் வருவார். அதுவரை இவரும் மகனும் அந்தக் கதவோரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் பையனின் விரல், அந்தப் பக்கம் அதன் மூக்கு.

நவம்பர் 19, மதியம் 2.30

ஒன்பதரைக்குச் சாவி வந்தது. சாமை வீட்டுக்கு வந்துவிட்டது.

தீபாவளி இரவு குளிர்காய விறகு எடுப்பதற்காக அந்த அறையைத் திறந்து வைத்திருந்தார்களாம். வெடிச் சத்தத்தில் அதற்குள் ஓடி அடுக்கின் பின்னால் ஒளிந்திருக்கிறது, அவர்கள் பார்க்காமல் பூட்டியிருக்கிறார்கள். கூரை ஒரு மூலையில் ஒழுகி, கீழே இருந்த பழைய சிமென்ட் சட்டியில் தண்ணீர் தேங்கியிருந்தது. அதுதான் காப்பாற்றியது. பூனை சில நாள் சோறில்லாமல் தாங்கும், தண்ணீர் இல்லாமல் தாங்காது.

பூட்டிய வீட்டில் எப்படி இருக்கும் என்று யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. அந்த மதில் ஓரத்தில் நின்றுதான் காலையும் மாலையும் பெயர் சொல்லிக் கத்தியிருக்கிறார்கள். அத்தனை நாளும் உள்ளே இருந்து சத்தமே வரவில்லை. எல்லோரும் சும்மா உட்கார்ந்த இரவில்தான் பிறாண்டியது.

நான் இப்போது அரசு மருத்துவமனை வரிசையில் இருக்கிறேன். கீறலை இரவே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டேன். இரத்தம் வரவில்லை. ஆனாலும் தெருப் பூனை, ஊசி போடாமல் விடக் கூடாது. வெறிநாய்க்கடி என்று பெயர் இருப்பதால் பூனை கீறினால் ஒன்றும் ஆகாது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வெறிநோய் பூனையிடமிருந்தும் வரும், வந்துவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. வெறிநோய்த் தடுப்பூசிக்குப் பேர்போன, 1907இல் தொடங்கிய பாஸ்டர் நிலையம் இருக்கும் ஊர்க்காரன் நான். அந்த மதில் ஓரமாகத் தபால் பையோடு நடந்தவன். எனக்கு இதில் அலட்சியம் வராது. இன்று முதல் ஊசி, பிறகு மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள்.

நவம்பர் 19, இரவு 9.15

ஒரே தட்டில் நிறைய மீனும் சோறும் வைத்திருக்கிறீர்கள் என்று படம் பார்த்து அலறிவிட்டேன். எடுத்துவிடுங்கள். ஏழு நாள் பட்டினி கிடந்த வயிறு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு ஸ்பூன் அளவு, வேகவைத்த கோழியை மசித்துக் கொடுங்கள். பூனை பல நாள் பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேர்ந்துவிடும். சாப்பிட மறுத்தாலோ, காது மடலின் உட்பக்கமும் ஈறும் மஞ்சளாகத் தெரிந்தாலோ உடனே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். தெரியாவிட்டாலும் நாளை காலை ஒருமுறை காட்டிவிடுங்கள்.

நவம்பர் 20, மாலை 5.40

எடை 3.4 கிலோவிலிருந்து 2.6க்கு இறங்கியிருக்கிறது, ஈறு இளஞ்சிவப்பாக இருக்கிறது, ஊசி ஒன்று போட்டு அனுப்பினார்கள். நல்லது. பையன் இரண்டு தோசை சாப்பிட்டான் என்ற செய்தியையும் சேர்த்து எழுதியதற்கு நன்றி.

நவம்பர் 22, இரவு 8.00

ஒருவர் கேட்டிருக்கிறார்: “அப்படியானால் சிறுத்தை பூனையைப் பிடிக்கவே பிடிக்காதா?” பிடிக்கும். நான் அப்படிச் சொல்லவில்லை. மலையில் வளர்ப்பவர்கள் இருட்டியதும் பூனையை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துவதுதான் முறை. காணாமல் போனதும், ஒரு தடயமும் பார்க்காமல், சிறுத்தை என்று முடிவு கட்டித் தேடலை நிறுத்துவதைத்தான் சொன்னேன். டானிங்டனில் எட்டுப் பேர் அப்படிச் சொன்னார்கள். அந்த எட்டுப் பேரில் ஒருவர்கூடப் பக்கத்து வீட்டு விறகு அறையைத் திறந்து பாருங்கள் என்று சொல்லவில்லை.

இரண்டாவது ஊசி இன்று குன்னூரிலேயே போட்டுக்கொண்டேன்.

டிசம்பர் 17, மாலை 4.10

கடைசி ஊசி காலையில் முடிந்தது. அங்கிருந்து நேராகக் கோத்தகிரி வந்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் விறகு அறைக் கதவின் அடியில் ஒரு பலகையை அறுத்து, பூனை நுழையும் அளவு துளை விட்டிருக்கிறார்கள். யாரும் கேட்காமலே செய்தார்களாம்.

சாமை 3.2 கிலோ. என் மடியில் வரவில்லை. என் பையை மோந்து பார்த்தது, வாரைக் கடித்தது, பிறகு அதன் மேலேயே ஏறிச் சுருண்டுகொண்டது. ஐந்து மணி பஸ்ஸுக்கு எழுந்திருக்க வேண்டும். பையை எப்படி எடுப்பது என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.